புதுப்பிப்பு: காப்பி டிரேடிங் திரையில் இழப்பு அபாயத்தைக் காட்டுவது எப்படி?

கிரிப்டோ காப்பி டிரேடிங் (ஒரு வர்த்தகர் வாங்கி விற்பதைப் பயனரின் பணத்திலும் தானாகவே அப்படியே செய்வது) செயலியில், புதிய பயனர்கள் லாப விழுக்காட்டை மட்டும் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வர்த்தகரைப் பின்தொடர்வதை எப்படித் தடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, வர்த்தகரின் கணக்கு மதிப்பில் உச்சத்திலிருந்து ஏற்பட்ட அதிகபட்சச் சரிவை லாபத்தின் அருகிலேயே அதே எழுத்தளவில் காட்டும் யோசனைதான். பயனர் 1,000 டாலர் என்று உள்ளிட்டதும், "இவரைப் பின்தொடர்ந்திருந்தால் ஒரு கட்டத்தில் இது 580 டாலராகக் குறைந்திருக்கும்" என்று தொகையாகவே எழுதிய பிறகு, சோதனையில் பங்கேற்றவர்கள் நின்று யோசித்தார்கள். தனி எச்சரிக்கைப் பெட்டியை யாரும் படிக்கவில்லை.

எதிர்பாராத ஒன்று: 'பின்தொடர்வதை நிறுத்து' என்பதை அழுத்தினால் திறந்திருக்கும் பொசிஷன்களும் (இன்னும் முடிக்கப்படாத வர்த்தகங்களும்) தாமாகவே மூடப்படும் என்று பலர் நம்பினார்கள். ஆகவே அங்கே 'அனைத்தையும் இப்போதே மூடு', 'நானே நிர்வகிக்கிறேன்' என இரு தேர்வுகளை வைத்து, சந்தை விலையில் மூடும்போது கைக்கு வரும் தொகை சற்று மாறலாம் என்பதையும் அதன் கீழேயே குறிப்பிட்டிருக்கிறோம்.