சீரியல் பாய் எந்த ஊர்க்காரர்?

காயல்வாசி:
நேற்று ராத்திரி உம்மாவோடு உட்கார்ந்து ஒரு சீரியல் பார்த்தேன். கதாநாயகி வீட்டுக்கு ஒரு பாய் பிரியாணி வாளியோடு வருகிறார். தொப்பி, தோளில் கட்டம் போட்ட துண்டு, கண்ணில் சுருமா. "அரே பேட்டி, நம்பள் வீட்டு விசேஷம்" என்கிறார். உம்மா கேட்டது ஒன்றுதான்: "இவரு எந்த ஊரு?" என்னிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று எந்தப் பிரிவினர் வீட்டிலும் தமிழ்தான். நாங்கள் நமாஸ் என்பதில்லை, தொழுகை என்போம். ரம்ஜானில் பிடிப்பது நோன்பு. எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணன் காக்கா, அக்கா லாத்தா. ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்பார்கள். இதில் ஒரு சொல்லாவது டிவியில் கேட்டிருக்கிறீர்களா?

வசனப்பேனா:
ஆறு வருடம் சீரியலுக்கு வசனம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது நிமிடம் சொச்சம்தான் கதை. பார்ப்பவர் பாதி நேரம் அடுப்படியில் நின்று காதால் பார்க்கிறார். உள்ளே வருவது யார் என்று குரலிலேயே தெரிய வேண்டும். மாமி என்றால் "ஏன்னா", சேட்டு என்றால் "நம்பள்கி நிம்பள்கி". கூத்தில் கட்டியங்காரன் வந்து இன்னார் வருகிறார் என்று சொல்வதில்லையா? அந்த வேலையை இங்கே தொப்பி செய்கிறது. அப்புறம், அந்தப் பாய் நல்லவர்தானே? சினிமாவில் குண்டு வைக்கிறவர் சீரியலில் ரத்தம் கொடுக்கிறார். இதில் என்ன வருத்தம்?

நெல்லைக்காரி:
அண்ணே, சௌகார்பேட்டையில் மூன்றாம் தலைமுறை சேட்டுப் பையன் "இன்னா மச்சி" என்கிறான், போய்க் கேட்டுப் பாருங்கள்.

நான் பாளையங்கோட்டை சிஎஸ்ஐ. எங்கள் பாதிரியாரை ஐயர் என்று கூப்பிடுவோம். சீரியலில் கிறிஸ்தவர் என்றால் வெள்ளை அங்கி ஃபாதர், அனாதை இல்லம், மெழுகுவர்த்தி, "மை சைல்ட்". ஒரு தொடரில் சுவரில் மாதா படம், வீட்டுக்கார அம்மா வாயில் "ஸ்தோத்திரம் பிரதர்". மாதா படம் ஆர்சி கத்தோலிக்கர் வீட்டில் இருப்பது, ஸ்தோத்திரம் பெந்தெகொஸ்தேக்காரர் பேச்சு. அந்தக் குடும்பம் ஆர்சியா, பெந்தெகொஸ்தேயா என்று எழுதியவருக்கே தெரியாது போல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 6.12 சதவீதம், முஸ்லிம் 5.86. ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர். இத்தனை பேரும் வாசல்வரை வந்து கேக்கோ பிரியாணியோ கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து சொத்துத் தகராறு பண்ண ஒருவருக்கும் இடமில்லை.

மதுரைமீசை:
எங்களை மட்டும் விட்டார்களா? மதுரை என்றாலே அரிவாள், ஜீப், நாலு தம்பிமார். நான் வங்கியில் கிளார்க். மீசைகூட கிடையாது, பேரில் மட்டும்தான்.

நெல்லைக்காரி:
உங்கள் ஊர்க்காரர் வில்லனாகவும் வருகிறார், கதாநாயகனாகவும் வருகிறார். வித்தியாசம் இருக்கிறது.

வசனப்பேனா:
சரி, உள்ளதைச் சொல்கிறேன். சீரியலுக்குச் சினிமா மாதிரி முன்தணிக்கை இல்லை. 1994 கேபிள் டிவி விதிகளில் 6ஆவது விதி, மதங்களையும் சமூகங்களையும் தாக்கும் நிகழ்ச்சி கூடாது என்கிறது. எது தாக்குதல் என்று யார் முடிவு செய்வது? அதனால் சேனல்காரர்களே பயந்து ஒதுங்குகிறார்கள். முஸ்லிம் மாமியார் மருமகளைப் படுத்துகிறாள் என்று ஒரு சீன் எழுதினால் மறுநாள் ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும். எழுதாமல் விட்டதற்காக இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை.

கிழக்குலண்டன்:
இங்கே பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடர் 1985 முதல் ஓடுகிறது. 2003இல் ஃபெரேரா என்று ஒரு ஆசியக் குடும்பத்தைக் கொண்டுவந்தார்கள். குடும்பப் பெயர் கோவா கிறிஸ்தவப் பெயர், ஒரு பையன் பெயர் தாரிக். எந்த ஊர், எந்த மதம் என்று ஆசியர்களே குழம்பினார்கள். 2005க்குள் மூட்டை கட்டினார்கள். 2007இல் மசூத் குடும்பம் வந்தது. அப்பா தபால்காரர், அம்மா ஜைனப் வாய்த் துடுக்கு, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் மாமியாருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், தன்னைப் போலவே இருக்கிறாராம். 2009இல் அந்த வீட்டு மகன் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று கதை போனபோது புகார்கள் வந்தன. ஆனாலும் கதையை நிறுத்தவில்லை.

வசனப்பேனா:
அவர்களுக்கு டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் லைசென்ஸ் கட்டணம் வருகிறது ஐயா. எங்களுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டிஆர்பி கணக்கு வியாழக்கிழமை வருகிறது.

காயல்வாசி:
டிஆர்பிக்கே ஒரு கதை தருகிறேன். காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று வாப்பாமார் ஆயுசு முழுக்கக் கடன்படுகிறார்கள். என் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் உம்மா மீன் ஆணத்தில் புளியைக் கூட்டினால் வாய்திறந்து சொல்லமாட்டார், தட்டை மட்டும் லேசாகத் தள்ளி வைப்பார். உம்மாவும் பார்க்காத மாதிரி இருப்பார். அடுத்த நாள் அதே ஆணம் வரும். இருநூறு எபிசோடுக்குத் தாங்கும். இதில் யாரும் யாருக்கும் ரத்தம் கொடுக்க வேண்டாம். உங்கள் நல்ல பாயிடம் எனக்குள்ள கோபமே அதுதான். அவருக்குக் கோபிக்க உரிமை இல்லை, கஞ்சத்தனம் பண்ண உரிமை இல்லை. சொந்த வீடுகூட இல்லை, எப்போதும் அடுத்த வீட்டில்தான் நிற்கிறார்.

வசனப்பேனா:
தட்டைத் தள்ளுகிறது நல்லா இருக்கு. ஆனால் எழுதிக்கொண்டு போனால் முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? "மாப்பிள்ளை தலையில் தொப்பி எங்கே?"

காயல்வாசி:
வீட்டில் சாரமும் (கைலி) பனியனும்தான். தொப்பி ஆணியில் தொங்கும், தொழப் போகும்போது எடுத்துக்கொள்வார்.