மேக்னசைட், மேக்னடைட்: கஞ்சமலையில் இருப்பது எது?

ஓமலூர் மாணவி:
ஜியாலஜி ரெக்கார்டு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்பது எழுத்து. ஆறாவது எழுத்து மட்டும் ஒன்றில் எஸ், மற்றதில் டி. சேலம் பக்கத்துக் கஞ்சமலையில் கிடைப்பது ஒரு கைடில் மேக்னசைட், இன்னொன்றில் மேக்னடைட். எது சரிங்க? பிராக்டிகலில் கல்லைக் கொடுத்தால் எப்படிப் பிரித்துச் சொல்வது?

கல்வெட்டாங்குழி:
கஞ்சமலை மேக்னடைட்தாங்க. மேக்னட்டில் வருகிற அதே டி. இரும்பு ஆக்சைடு, கருப்பு. சுத்தமான மேக்னடைட்டில் இரும்பு 72 சதவீதம். ஆனால் கஞ்சமலைக் கல்லில் குவார்ட்ஸும் வரிவரியாகக் கலந்திருப்பதால் அதில் பாதியளவுதான் தேறும்.

மேக்னசைட் நம்ம வெள்ளைக்கல். மெக்னீசியம் கார்பனேட். சேர்வராயன் மலையடிவாரத்தில், மேக்னசைட் ஜங்ஷன் ரயில் நிலையம் பக்கம், பச்சை கலந்த கரும்பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடும். வெள்ளைக்காரர்கள் அந்தக் கரட்டுக்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்தார்கள், ஆனால் அது சாக் இல்லை.

பிராக்டிகலுக்கு ஒரு காந்தமும், பாத்ரூம் டைல்ஸ் துண்டு ஒன்றும் போதும். டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லைத் தேயுங்க. கருப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், வெள்ளை விழுந்தால் மேக்னசைட். செம்பழுப்பு விழுந்தால் ரெண்டும் இல்லை, ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது.

காந்தத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீங்க. வெயில் மழையில் கிடந்த மேக்னடைட்டின் மேல்தோல் ஹேமடைட்டாக மாறியிருந்தால் இழுப்பு குறையும். புதிதாக உடைத்த முகத்தில் வையுங்க. மேக்னசைட் துண்டோடு ஒட்டிவந்த கரும்பாறையிலும் மேக்னடைட் பொடி இருக்கும், அங்கே காந்தம் லேசாகப் பிடிக்கும்.

மலையடிவாரம்:
இன்னொரு இடத்திலும் தடுமாறுவாங்க. கஞ்சமலைக் கல்லில் இருக்கும் வெள்ளை வரியை மேக்னசைட் என்று எழுதிவிடுவாங்க. அது குவார்ட்ஸ், கண்ணாடியைக் கீறும். மேக்னசைட் கீறாது. கையில் தூக்கினாலே எடையும் சொல்லிவிடும்: மேக்னடைட் தண்ணீரைப் போல் ஐந்து மடங்கு, மேக்னசைட் மூன்று மடங்கு.

ஆசிட் சோதனையில் அவசரப்படாதீங்க. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் சுண்ணாம்புக்கல் பொங்கும். மேக்னசைட் குளிர்ந்த ஆசிடில் சும்மா கிடக்கும். பொடித்து, ஆசிடைச் சூடாக்கி விட்டால்தான் நுரை தெரியும்.

ஓமலூர் மாணவி:
ரொம்ப நன்றிங்க. பயன்பாடு பகுதியில் மேக்னசைட்டையும் இரும்பாலையோடு சேர்த்து எழுதியிருக்காங்க. அதுவும் தப்பா?

கல்வெட்டாங்குழி:
அது சரிதான். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேக்னசைட்டிலிருந்து இரும்பு எடுப்பதில்லை. 100 கிலோவைச் சூளையில் போட்டால் 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய், 48 கிலோ மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) மிஞ்சும். 1500 டிகிரிக்கு மேல் சுட்ட அந்த மெக்னீசியாவில்தான் எஃகு உலையின் உட்சுவர்ச் செங்கல் செய்வாங்க. ரெக்கார்டில் 'மேக்னடைட், இரும்புத் தாது. மேக்னசைட், உலைச் செங்கலுக்கான தாது' என்று தனித்தனி வரியில் எழுதுங்க. ஸ்பெல் செக்குக்கு ரெண்டுமே சரியான சொல், மாறிப்போனால் அது காட்டாது. ஆறாவது எழுத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்க.