எதிர்த்தரப்பு ஆட்சேபித்தாலும் அப்பீலை வாபஸ் வாங்க விடலாமா?

பீன்யா பட்டறை:
பெங்களூரு பீன்யாவில் இயந்திர பாகங்கள் செய்து தரும் சின்னப் பட்டறை எங்களுடையது. சரக்கு வாங்கிய கம்பெனி பணம் தரவில்லை. சிறுதொழில் கவுன்சில் மூலம் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை நடந்து, அசலும் வட்டியும் சேர்த்துத் தரச் சொல்லி அவார்டு (நடுவர் தீர்ப்பு) வந்தது. அவார்டை ரத்து செய்யக் கேட்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34ஆம் பிரிவில் அவர்கள் போட்ட மனுவில் கீழ்க்கோர்ட் அசலை விட்டுவிட்டு வட்டியை மட்டும் ரத்து செய்தது. அசலும் தர முடியாது என்று அதே சட்டத்தின் 37ஆம் பிரிவில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் வந்தார்கள். அந்த அப்பீலிலேயே நாங்கள் வட்டிக்காக, கீழ்க்கோர்ட் உத்தரவில் எங்களுக்குப் பாதகமான பகுதியை எதிர்க்கும் கிராஸ் அப்ஜெக்‌ஷன் போட்டோம். அதைப் பார்த்ததும் அப்பீலை வாபஸ் வாங்குவதாக மெமோ கொடுக்கிறார்கள். இதை அனுமதிக்கவே கூடாது.

அல்சூர் வக்கீல்:
உங்கள் கோபம் நியாயம், ஆனால் கோரிக்கை தவறு. அப்பீல் போட்டவர் நிபந்தனை இல்லாமல் வாபஸ் வாங்குகிறேன் என்றால் கோர்ட் தடுக்க முடியாது. 1963இல் பிஜயானந்த பட்நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நடத்த விருப்பமில்லாதவரைப் பிடித்து வைத்து வழக்கு நடத்தச் சொல்வது எப்படி முறையாகும்? மறுபடி வழக்குப் போட அனுமதியும் சேர்த்துக் கேட்டால் கதை வேறு. அதற்குக் காரணம் காட்ட வேண்டும், அங்கே நீங்கள் தாராளமாக எதிர்க்கலாம்.

பீன்யா பட்டறை:
சார், எங்கள் வட்டி என்ன ஆவது? 2006 சிறுதொழில் சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. சில வருஷம் இழுத்தால் வட்டியே அசலைத் தொட்டுவிடும். அவர்கள் ஓடுவது அதற்குப் பயந்துதான்.

அல்சூர் வக்கீல்:
சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 41, விதி 22(4) படியுங்கள். அப்பீல் வாபஸ் ஆனாலும் கிராஸ் அப்ஜெக்‌ஷனைத் தனியாக விசாரித்துத் தீர்க்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு வாபஸை எதிர்க்க வேண்டும்?

சிவாஜிநகர் ஆடிட்டர்:
வக்கீல் சார் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லக் கூடாது. ஆர்பிட்ரேஷன் அப்பீலுக்கு அந்த விதி பொருந்துமா என்பதே சண்டையில் இருக்கிற விஷயம். 2002இல் நம்ம தூரவாணி நகர் ஐடிஐ தொலைபேசிக் கருவி நிறுவனத்துக்கும் சீமென்ஸ் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், வெளிப்படையாக விலக்காதவரை சிவில் நடைமுறைச் சட்டம் பொருந்தும் என்றார்கள். ஆனால் 2016இல் எம்டிஎன்எல் தொலைபேசி நிறுவன வழக்கில் 37ஆம் பிரிவு அப்பீலில் கிராஸ் அப்ஜெக்‌ஷன் நிற்குமா என்ற கேள்வி வந்தபோது, உச்ச நீதிமன்றமே அந்தப் பழைய தீர்ப்பைச் சந்தேகித்துப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அப்பீல் வாபஸான மறுநாள் கம்பெனி வக்கீல் இதைத்தான் எடுத்து நீட்டுவார். பட்டறைக்காரர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

அல்சூர் வக்கீல்:
அந்தச் சந்தேகம் அப்பீல் உயிரோடு இருந்தாலும் இருக்கும்தானே? வாபஸைத் தடுத்தால் அது தீர்ந்துவிடாது. பாதுகாப்பான வழி, வட்டிக்காக நீங்களே தனியாக அப்பீல் போடுவது. வணிக வழக்கில் அதற்குக் கெடு 60 நாள். கொஞ்சம் தாமதமானால், தக்க காரணம் இருந்தால் மட்டும் மன்னிப்பார்கள். 2021 போர்ஸ் பிரதர்ஸ் தீர்ப்பு அதில் கண்டிப்பானது.

சிவாஜிநகர் ஆடிட்டர்:
அந்தக் கெடு முடிகிறவரை காத்திருந்து வாபஸ் வாங்கினால், எதிர்த்தரப்புக்கு எல்லா வழியையும் அடைத்த மாதிரிதான். கோர்ட் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

அல்சூர் வக்கீல்:
எடுக்கட்டும். செலவுத்தொகை விதிக்கட்டும். கிராஸ் அப்ஜெக்‌ஷனுக்குத் தனி எண் கொடுத்து விசாரணைக்கு வைக்க வாபஸ் உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். 34ஆம் பிரிவுக்குப் போகும் முன்பே அவார்டுத் தொகையில் 75 சதவீதம் கோர்ட்டில் டெபாசிட் கட்டியிருப்பார்கள். அதில் அசலுக்கு உரியதை எடுக்கவும் உடனே மனுப் போடுங்கள். கையில் வர வேண்டிய பணத்தை ஆட்சேபணைக்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

பீன்யா பட்டறை:
டெபாசிட்டுக்கு மனுப் போடச் சொல்கிறேன், சார். ஆனால் ஆட்சேபணையை விட மாட்டேன். கிராஸ் அப்ஜெக்‌ஷன் நிற்குமா நிற்காதா என்று முதலில் தீர்க்கட்டும், மெமோவை அதற்குப் பிறகு எடுக்கட்டும் என்றுதான் அடுத்த வாய்தாவில் கேட்கப் போகிறோம்.