ஊட்டிக்கு ஹெலிகாப்டர் சுற்றுலா வேண்டுமா?

ஊட்டி விடுதிக்காரர்: மே மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் இருந்து மேலே ஏறுவதற்குள் விருந்தினர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். இ-பாஸ் வேறு. 2023 கோடையில் பேசப்பட்டு, உயர் நீதிமன்றத் தடையால் நின்ற ஹெலிகாப்டர் சுற்றுலாவை மீண்டும் கொண்டுவர வேண்டும். ஒழுங்காகப் பராமரித்த இயந்திரத்துக்கு ஏன் பயம்?

காட்டேரிக்காரி: அண்ணா, பராமரித்தால் போதும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2021 டிசம்பர் 8 அன்று எங்கள் காட்டேரி கிராமத்துப் பக்கத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது, நஞ்சப்பசத்திரத்து மக்கள் தண்ணீர்க் குடத்தோடு நெருப்பை நோக்கி ஓடினார்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்கள் போயின. இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை, அலட்சியமும் இல்லை என்றது விசாரணைக் குழு. வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி திசை தடுமாறியதே காரணம் என்றது. இந்த மலையில் எமன் மேகம்தான். பராமரிப்பைப் பேசிப் பயன் இல்லை.

கோத்தகிரி டெக்னீஷியன்: அம்மா, மேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அன்று அந்த இயந்திரம் பழுதின்றி இருந்தது என்பது, நாளை வரும் இயந்திரத்துக்கு நற்சான்று ஆகாது. ஓய்வு பெறும்வரை ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 7. லாஸ் வேகாஸில் இருந்து ஹூவர் அணையைப் பார்க்கக் கிளம்பிய சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து, அதில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். முதல் நாள்தான், 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் பராமரிப்பு முடிந்திருந்தது! தேய்ந்த நட்டு ஒன்றை மறுபடியும் மாட்டியிருக்கிறார்கள். அது கழலாமல் இருக்கக் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னைச் சரியாகப் போடவில்லை, அல்லது போடவே இல்லை. வேலை செய்தவரும் சரிபார்த்தவரும் களைத்திருந்தார்கள் என்பதையும் விசாரணை சொன்னது.

தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும் அந்த வகை நட்டைச் சோதிக்கக் கருவிகூட வேண்டாம். விரலால் திருகும்போது ஓரிடத்தில் பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு கடைசிவரை ஓடினால் தூக்கி எறிய வேண்டும். அவ்வளவுதான்.

ஊட்டி விடுதிக்காரர்: ஐயா, அது எங்கோ நடந்தது. இங்கே சான்றிதழ் இல்லாமல் எவரும் பறக்க முடியாது.

கோத்தகிரி டெக்னீஷியன்: அங்கும் சான்றிதழ் இருந்தது. ஒரு மாலை, ஹெலிகாப்டர் நிறுத்தும் எங்கள் ஹேங்கரில் கருவிகளை எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தது. மறுநாள் காலைப் பயணத்தை நிறுத்தினோம், வசவு வாங்கினோம். இரவு இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், கட்டுப்பாட்டுக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நிறுத்த அதிகாரம் இருந்ததால் நிறுத்தினோம். உங்கள் திட்டத்தில், வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, புது நட்டு கோவையில் இருந்து வர வேண்டும் என்றால், மெக்கானிக் சொல்லுக்கு இயந்திரம் நிற்குமா? மூடுபனி இறங்கினால் கிளம்பாதே என்பதும் இதே ஒழுங்குதான் அம்மா, தனி விஷயம் அல்ல.

காட்டேரிக்காரி: கிளம்பும்போது வெயில் அடிக்கும் ஐயா, பாதி வழியில் மூடும். அதற்கு எந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவீர்கள்?

கோத்தகிரி டெக்னீஷியன்: திரும்பிப் போகும் முடிவை எந்த இடத்தில் எடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி, விமானியிடம் வாங்கலாம். அதை மீறுகிறவரைப் பறக்க விடக் கூடாது.

ஊட்டி விடுதிக்காரர்: நின்றுபோன நாளின் டிக்கெட் பணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பணம் போகுமே என்ற அவசரம் அப்போது இருக்காது. திட்டமே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

காட்டேரிக்காரி: நான் வேண்டாம் என்பதில்தான் நிற்கிறேன், அண்ணா. இன்று மதியம் மூன்று மணிக்கே எங்கள் எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை.