ஜாங்கோ: நூலக இரவல் பட்டியல் திறக்க 13 விநாடி ஆகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஒரு நூலகத்துக்கு ஜாங்கோ (பைத்தானில் வலை மென்பொருள் செய்யும் கட்டமைப்பு), போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) வைத்து மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். இரவல் டேபிளில் இப்போது 3,80,000 பதிவுகள். பட்டியலில் பக்கத்துக்கு 200 வரிசை. ஒவ்வொன்றிலும் நூலின் பெயர், ஆசிரியர்கள், உறுப்பினர் பெயர், அவர் கட்டாத அபராதங்களின் எண்ணிக்கை வரும். என் லேப்டாப்பில் 50 பதிவு வைத்துப் பார்த்தபோது பட்டென்று திறந்தது. அங்கே 13 விநாடி ஆகிறது. சர்வரின் ராமை இரண்டு மடங்காக்கியும் மாற்றமே இல்லை. கவுண்டரில் ஆள் வரிசையில் நிற்கும்போது நூலகர் திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1:
ராமை விடுங்கள் தம்பி. ஜாங்கோ டீபக் டூல்பாரை (பக்கம் திறக்கும்போது பின்னால் நடப்பதைக் காட்டும் கருவி) போட்டு, அந்தப் பக்கத்துக்கு எத்தனை குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் அதே சர்வரிலா, வேறு சர்வரிலா?

கேட்டவர்:
802 குவெரி அண்ணா! டேட்டாபேஸ் வேறு சர்வரில். ஒரு தடவை போய்வர 15 மில்லிவிநாடி ஆகிறது.

பதில் 1:
அதில்தான் 12 விநாடி போகிறது, பெருக்கிப் பாருங்கள். பட்டியலுக்கு 1, மொத்த எண்ணிக்கைக்கு 1. அப்புறம் ஒவ்வொரு வரிசைக்கும் நூல், ஆசிரியர்கள், உறுப்பினர், அபராதம் என்று தனித்தனியாக 4. மளிகைச் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் தனியாகக் கடைக்குப் போய்வருகிற கதை இது. இதைத்தான் 'N+1' (பட்டியலுக்கு ஒரு குவெரி, அப்புறம் அதன் N வரிசைக்கும் தனித்தனியாக) என்பார்கள்.

நூலும் உறுப்பினரும் ஃபாரின் கீ, அதாவது ஒரு இரவலுக்கு ஒரு நூல், ஒரு உறுப்பினர்தான். அவற்றுக்கு செலக்ட் ரிலேட்டட் போதும், ஜாயின் போட்டு (டேபிள்களை இணைத்து) ஒரே குவெரியில் வந்துவிடும். ஆசிரியர்கள் மெனி டு மெனி (ஒரு நூலுக்குப் பல ஆசிரியர், ஒரு ஆசிரியருக்குப் பல நூல்), அதற்கு ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். அது தனியாக ஒரு குவெரி ஓட்டி 200 நூலின் ஆசிரியர்களையும் மொத்தமாக வாங்கி, பைத்தானில் சேர்த்துக்கொடுக்கும். அபராத எண்ணிக்கையை சப்குவெரியாக (குவெரிக்குள் இன்னொரு குவெரி) அனோட்டேட் செய்யுங்கள், அதாவது வரிசையோடு சேர்த்தே வாங்குங்கள்.

கேட்டவர்:
செய்தேன். ஆனால் 203 குவெரி இன்னும் ஓடுகிறது. ஆசிரியர் குவெரி மட்டும் வரிசைக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. ப்ரீஃபெட்ச் வேலை செய்யவில்லையா?

பதில் 1:
நூல் மாடலில் (நூல் டேபிளுக்கான பைத்தான் கோடு) ஆசிரியர் பெயர்களைச் சேர்த்துத் தரும் மெத்தட் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? அதற்குள் ஆர்டர் பை (வரிசைப்படுத்துவது) அல்லது ஃபில்டர் (வடிகட்டுவது) இருக்கிறதா?

கேட்டவர்:
ஆமாம், அகரவரிசைக்காக ஆர்டர் பை போட்டிருக்கிறேன்.

பதில் 1:
அதுதான். ப்ரீஃபெட்ச் எடுத்து வைத்தது 'ஆல்' என்று கேட்டால் மட்டும் கைக்கு வரும். ஆர்டர் பை சேர்த்தால் ஜாங்கோவுக்கு அது புதுக் கேள்வி, மறுபடியும் டேட்டாபேஸுக்கு ஓடும். எடுத்து வைத்ததும் வீண். வரிசைப்படுத்திய குவெரிசெட்டை (ஜாங்கோவில் எழுதும் குவெரி) ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டுக்குள் கொடுத்துவிட்டு, மெத்தடில் வெறும் 'ஆல்' மட்டும் வையுங்கள். நானும் இதில் ஒரு நாள் முழுக்க மாட்டியிருக்கிறேன்.

பதில் 2:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இது சரியானாலும் 1,800ஆவது பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆஃப்செட் (இத்தனை வரிசை தள்ளி எடு என்று கேட்பது) என்றால் அதற்கு முந்தைய 3,59,800 வரிசையையும் டேட்டாபேஸ் கடந்து, தள்ளிவிட்டுத்தான் உங்கள் 200ஐத் தரும். அதற்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய வரிசையின் தேதியையும் ஐடியையும் கையில் வைத்துக்கொண்டு 'இதற்கு முந்தையவை 200' என்று கேளுங்கள். தேதி, ஐடி இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) வேண்டும். ஐடியை விட்டுவிடாதீர்கள், ஒரே நாளில் பல இரவல் இருந்தால் சில வரிசைகள் விடுபடும். ஆனால் பக்க எண்ணைச் சொல்லி நேராகத் தாவ முடியாது, முன்னும் பின்னும்தான் போகலாம். நூலகருக்கு உறுப்பினர் எண் போட்டுத் தேடும் வசதி இருந்தால் அதுவே போதும் என்பது என் எண்ணம்.

கேட்டவர்:
ஆர்டர் பையை எடுத்ததும் 3 குவெரிக்கு வந்துவிட்டது! முதல் பக்கம் அரை விநாடிக்குள் திறக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. 1,800ஆவது பக்கம், பதில் 2 எழுதியவர் சொன்னபடியே இழுக்கிறது. இன்டெக்ஸ் போட்டு இன்று இரவு மாற்றுகிறேன்.

பதில் 1:
நல்லது தம்பி. அப்படியே அசர்ட் நம் குவெரீஸ் (assertNumQueries, குவெரி எண்ணிக்கையைச் சரிபார்ப்பது) வைத்து ஒரு டெஸ்ட் எழுதி, 3 என்று கட்டி வையுங்கள். நாளை யாராவது டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வடிவம் இருக்கும் கோப்பு) பதிப்பகத்தின் பெயரைச் சேர்த்தால் டெஸ்டே நிறுத்திவிடும். டெஸ்டில் குறைந்தது 2 இரவல் பதிவாவது இருக்கட்டும், ஒன்றை மட்டும் வைத்தால் குவெரி பெருகுவது சரியாகத் தெரியாது.