42 மாத வேலை, கணக்கில் 11 மாதம்தான்: மகளின் சட்டப் படிப்புக் கடன் பற்றி உதவி தேவை

காரைக்குடிக் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். வங்கியொன்றின் கல்விக் கடன் பிரிவில் 19 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். மகள் இங்கே சட்டம் படித்து 2022 மே மாதம் முடித்தாள். அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து, வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் ஏழைகளுக்காக வாதாடும் லாபநோக்கற்ற சட்ட உதவி அலுவலகத்தில் முழுநேர வேலை. முதல் ஆண்டு கல்லூரி கொடுத்த ஃபெல்லோஷிப் (ஓராண்டு நிதியுதவிப் பணி), பிறகு அதே அலுவலகத்தில் நிரந்தரம்.

மத்திய அரசுக் கடன் 1,68,000 டாலர். பார் தேர்வு எனும் வழக்கறிஞர் உரிமத் தேர்வுக்குப் படிக்கத் தனியாரிடம் வாங்கியது 12,000. பொதுச் சேவையில் 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி என்ற பி.எஸ்.எல்.எஃப். திட்டத்தை நம்பித்தான் குறைந்த சம்பளத்துக்குப் போனாள். இந்த 2026 பிப்ரவரியோடு 42 மாதம் ஆகிறது. கணக்கில் காட்டுவது 11. ஃபெல்லோஷிப் ஆண்டுக்கு அனுப்பிய வேலைச் சான்றுப் படிவம் "முதலாளியை உறுதிசெய்ய முடியவில்லை" என்று திரும்பிவிட்டது. கல்லூரியின் சொந்த உதவித் திட்டமும் மாப்பிள்ளையின் வருமானத்தைக் காட்டிக் கைவிரித்துவிட்டது.

மகளைக் கேட்டால் "நாளைக்கு இரண்டு வழக்கு இருக்கிறது, அப்பா" என்கிறாள். மாப்பிள்ளையோ, தனியார் நிறுவனமொன்று குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றித் தருவதாகச் சொல்கிறது, மாற்றிவிடலாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தவறா?

சட்ட உதவிக்காரி:

ஐயா, முதலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அரசுக் கடனைத் தனியாருக்கு மாற்றிய அன்றே தள்ளுபடிக்கான தகுதி போய்விடும். திரும்ப மாற்றவும் முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் அந்த 12,000 டாலர் தனியார் கடனை மாற்றட்டும். அதற்கு எப்படியும் தள்ளுபடி கிடையாது.

இனி உங்கள் 42 மாதம். எட்டு ஆண்டாக இதே வேலையில் இருப்பதால் இந்தப் புதிர் எனக்குப் பழக்கம்.

2022 செப்டம்பர் முதல் நவம்பர் வரை படிப்பு முடிந்தபின் தரும் ஆறு மாத அவகாசத்தின் வால். அந்த 3 மாதம் எண்ணப்படாது. டிசம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை 9 மாதம், ஃபெல்லோஷிப் படிவம் திரும்பியதால் நிற்கிறது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஜூலை வரை 11, அதுதான் நீங்கள் பார்ப்பது. 2024 ஆகஸ்டிலிருந்து இன்றுவரை 19 மாதம். மகள் சேவ் என்ற, வருமானத்துக்கேற்பத் தவணை கட்டும் அரசுத் திட்டத்தில் இருந்திருப்பார், சரியா? நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் எல்லோருடைய தவணையையும் ஒத்திவைத்தார்கள். அந்த மாதங்கள் 120-இல் சேராது.

காரைக்குடிக் கணக்கர்:

3, 9, 11, 19. கூட்டினால் 42. அம்மா, நீங்கள் எங்கள் கிளையில் இருந்திருக்க வேண்டியவர். சேவ் திட்டம்தான், கடிதத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. கொரோனா காலத்தில் தவணையை நிறுத்திவைத்தபோது காசு கட்டாத மாதங்களும் சேரும் என்றார்களே? அதே காசு கட்டாத மாதம் இப்போது ஏன் சேராது?

சட்ட உதவிக்காரி:

அது சட்டத்தின் பேரில் கொடுத்த சலுகை, இது வழக்கால் வந்த ஒத்திவைப்பு. நியாயம் கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. இதில் 2025 ஆகஸ்ட் 1 முதல் வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் சேவிலிருந்து வெளியேறி ஐ.பி.ஆர். என்ற, வருமானத்துக்கேற்ற இன்னொரு தவணைத் திட்டத்துக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன 19 மாதத்தைப் பின்னால் பணம் கட்டி மீட்கலாம். ஆனால் அப்படி மீட்டால் 120 நிறைந்துவிடும் என்ற கட்டத்தில்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும், இப்போது முடியாது.

ஃபெல்லோஷிப் விஷயம்: அந்த ஆண்டின் டபிள்யூ-2 வரிச் சான்றை எடுத்து "பி" என்று குறித்த கட்டத்தைப் பாருங்கள். அதிலுள்ள ஒன்பது இலக்க எண்தான் முதலாளி யார் என்பதைத் தீர்மானிக்கும். மகள் உட்கார்ந்து வேலை பார்த்த அலுவலகத்தின் எண்ணைப் படிவத்தில் எழுதியிருப்பார். சம்பளம் போட்டது பல்கலைக்கழகமாக இருக்கலாம்.

ஒஹாயோ தம்பி:

ஐயா, நான் சட்டம் படித்தவனல்ல, என் மனைவி அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஐந்து ஆண்டுக்கு முன் நான்தான் புத்திசாலித்தனமாக அவளுடைய கடனை இரண்டு சதவீதம் குறைத்துத் தனியாருக்கு மாற்றினேன். இன்றுவரை வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் நான் குப்பை கொட்டக் கிளம்பிவிடுவேன். மாற்றாதீர்கள்.

பால்டிமோர்வாசி:

கல்லூரித் திட்டம் பற்றி: பெரும்பாலும் இது உதவித்தொகையாக வராது. ஆண்டுத் தொடக்கத்தில் கடனாகத் தருவார்கள். ஆண்டு முழுவதும் தகுதியான வேலையில் இருந்தால் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கணவன் மனைவி வருமானத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரு முறை மறுத்தால் கதை முடிந்ததாக எண்ண வேண்டாம். குழந்தை பிறந்ததைக் கணக்கில் எடுத்தார்களா என்று எழுதிக் கேளுங்கள்.

மகள் வேலை பார்க்கும் இடம், ஏழைகளுக்கான சட்ட உதவிக்கு மத்திய அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் நிதியில் இயங்குகிறதா என்றும் விசாரியுங்கள். அந்த அலுவலகங்களின் வழக்கறிஞர்களுக்குத் தனியாக ஒரு கடனுதவி இருக்கிறது. ஜான் ஆர். ஜஸ்டிஸ் திட்டம் என்று யாராவது சொன்னால் அலைய வேண்டாம். அது குற்ற வழக்குகளில் அரசுத் தரப்புக்கும், அரசு செலவில் வாதாடும் எதிர்த்தரப்புக்கும்தான். வாடகை வழக்குக்குக் கிடையாது.

காரைக்குடிக் கணக்கர்:

ஐ.பி.ஆர். தவணை எவ்வளவு வரும்? மகளின் வருமானம் 72,000. மாப்பிள்ளைக்கு 1,30,000.

சட்ட உதவிக்காரி:

இங்கேதான் வரிக் கணக்கு முக்கியம். 2014 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல் கடன் வாங்கியவர் என்றால், வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மேலுள்ள வருமானத்தில் 10 சதவீதம். கூட்டாக வரி தாக்கல் செய்தால் மூன்று பேர் குடும்பம், இருவர் வருமானம். மாதம் ஏறத்தாழ 1,350 டாலர். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் மகளும் குழந்தையுமாக இருவர், அவர் வருமானம் மட்டும். ஏறத்தாழ 335.

தனியாகப் போட்டால் சில வரிச் சலுகைகள் போகும், கடன் வட்டிக் கழிவும் குழந்தைக் காப்பகச் செலவுச் சலுகையும் அவற்றில் அடக்கம். பேத்தியைத் தாத்தா பார்த்துக்கொள்வதால் இரண்டாவது உங்களுக்கு இழப்பே இல்லை. கூட்டாகப் போட்டுவிட்டால் ஏப்ரல் 15-க்குப் பிறகு பிரிக்க முடியாது, இப்போதே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

காரைக்குடிக் கணக்கர்:

மாத வட்டியே 800 டாலருக்கு மேல். 335 கட்டினால் கடன் வளருமே! வட்டியைக்கூட முழுதாகக் கட்டாத கணக்கை நான் கையெழுத்துப் போட்டு அனுமதித்ததே கிடையாது.

சட்ட உதவிக்காரி:

வளரட்டும், ஐயா. 120 நிறைந்த அன்று நிலுவை எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி. அதற்கு மத்திய அரசின் வருமான வரியும் கிடையாது. இந்தத் திட்டத்தில் கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு டாலரும் தள்ளுபடியாகியிருக்க வேண்டிய டாலர்.

இன்னொன்று. எல்லாக் கடனையும் ஒன்றாக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். புதிய சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் ஒன்றாக்கும் கடனுக்கு ஐ.பி.ஆர். கிடைக்காது.

காரைக்குடிக் கணக்கர் (மூன்று வாரம் கழித்து):

டபிள்யூ-2 சமையலறை இழுப்பறையில், பீட்சா கடைத் துண்டறிக்கைகளுக்கு அடியில் கிடைத்தது. "பி" கட்டத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எண்தான். அவர்களுடைய பணியாளர் பிரிவு இரண்டே நாளில் கையெழுத்திட்டது. படிவம் போயிருக்கிறது. ஐ.பி.ஆர். விண்ணப்பமும் போட்டாயிற்று. வரி தனித்தனியாக. கல்லூரி இன்னும் பதில் எழுதவில்லை.

மாப்பிள்ளை அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல்களை நிறுத்திவிட்டார். ஒஹாயோ தம்பியின் பதிலைப் படித்துக் காட்டினேன்.