டிஸ்டார்ஷன்: திரிபா, பிசிறா?

நண்பர்களே,

மின்கிட்டாரில் கேட்கும் கரகரத்த, உறுமும் ஒலிதான் 'டிஸ்டார்ஷன்'. அதற்குத் தமிழில் 'உருத்திரிபு' என்று முந்தைய மடலில் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். மின்னணுவியல் பாடநூலுக்கு அது சரி. அங்கே திரிபு என்றால் ஒழிக்க வேண்டிய குறை; உள்ளே போன அலை அதே வடிவில் வெளியே வரவில்லை என்று பொருள். ஆனால் கிட்டார்க்காரர்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்தக் குறையைத்தானே!

இந்தச் சொல்லை யோசிக்கும்போது எனக்குக் கிட்டார்க் கலைஞர் லிங்க் ரே ஞாபகம்தான் வருகிறது. 1929இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் படையில் இருந்தார். அப்போது பற்றிய காசநோய் ஒரு நுரையீரலைக் கொண்டுபோய்விட்டது. பாடுவது சிரமம், அதனால் கிட்டாரையே பேசவைத்தார். வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் ஒரு மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்க, கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே மெட்டு சுத்தபத்தமாக, சப்பென்று இருந்தது. மனிதர் பென்சிலை எடுத்து ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பொத்துப் பொத்தென்று குத்திவிட்டார். 1958இல் வெளிவந்த 'ரம்பிள்' அப்படிப் பிறந்ததுதான். வரி ஒன்றுகூட இல்லாத வெறும் வாத்திய இசை. அதையும் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. தலைப்பு தெருச்சண்டையைக் குறிக்கும் கொச்சைச் சொல், ஒலியும் அப்படித்தான் உறுமியது.

சரி, சொல்லுக்கு வருவோம். பென்சில் கிழித்த துளையின் ஓரத்தில் காகிதம் எப்படி நின்றிருக்கும்? பிசிறு பிசிறாக. துணி ஓரத்தில் நூல் பிரிந்தாலும் பிசிறு, பட்டறையில் வார்ப்பின் விளிம்பில் அரம் போட்டு எடுப்பதும் பிசிறு, மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தால் 'பிசிறு தட்டுது'. கிழிந்த காகிதத்துக்கும் அதிலிருந்து வந்த ஒலிக்கும் ஒரே சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. என் பரிந்துரை 'பிசிறொலி'. பேச்சில் வெறும் 'பிசிறு'.

ரே மட்டும் இல்லை. 1951இல் 'ராக்கெட் 88' என்ற பாட்டின் பதிவின்போது பழுதான ஆம்ப்ளிஃபயரில் காகிதத்தை அடைத்து வாசித்தார்கள். 1964இல் கிங்க்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார்க்காரர் டேவ் டேவிஸ் ஒலிபெருக்கியை பிளேடால் கீறினார். இடையில் 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற மிதிகருவி கடைக்கு வந்துவிட்டது: காலால் மிதித்தால் பிசிறு. ஆக, அதற்குப் 'பிசிறுமிதி'.

ஒலிப்பதிவாளரிடம் "கொஞ்சம் பிசிறு ஏத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். "உருத்திரிபை அதிகரியுங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மறுமடல்:

'பிசிறில்லாத குரல்' என்பதுதானே பாராட்டு, வசைச்சொல்லைக் கலைச்சொல் ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. நியாயமான கேள்வி. ஆனால் தம்புராவைப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூலைச் செருகி நகர்த்துகிறோமே, எதற்கு? தந்தி குதிரையைத் தொட்டும் தொடாமலும் அதிர்ந்து அந்த ரீங்காரம் வரட்டும் என்றுதானே. அந்த நூலுக்கு ஜீவா என்றே பேர். வேண்டுமென்றே சேர்த்த கறையைக் காதுக்கு இனிதாகக் கேட்பது நமக்கொன்றும் புதிதில்லை.

டிஸ்டார்ஷனிலேயே மென்மையான ஓவர்டிரைவுக்கும் கடுமையான ஃபஸ்ஸுக்கும் தனிச்சொல் கேட்டவருக்கு: இளம்பிசிறு, கடும்பிசிறு. ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவை மீறி அலையின் உச்சி தட்டையாகிப் போவது 'முகடுவெட்டு' என்றிருக்கலாம்.

ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து மீட்டும் பவர் கார்டைப் பரவலாக்கியவர் என்றும் ரேயைத்தான் சொல்கிறார்கள். பிசிறோடு காந்தாரமும் சேர்ந்தால் ஒலி குழம்பிவிடும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் தெளிவாக நிற்கும். அதற்கு 'ச'வும் 'ப'வும் சேர்த்து 'சபக்கட்டு' என்று ஒன்று மனதில் ஓடுகிறது. அடிக்க வருபவர்கள் வரலாம்.